பனியாறுகள் மேல வசந்தகால ஸ்கீ டூரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிசார்ட்ல லிஃப்ட் ஏறி ஸ்கீ பண்ணிப் பழகினவங்க ஒரு பக்கம், ட்ரெக்கிங் போய்ப் பழகினவங்க இன்னொரு பக்கம், ரெண்டு பேர்கிட்ட இருந்தும் இதே கேள்விங்கதான் வந்துக்கிட்டே இருக்கு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு நேரா மலைக்குக் கிளம்பாதீங்க. பனிச்சரிவு கோர்ஸ் ஒண்ணு, கிரெவாஸ்ல (பனியாத்துல விடற ஆழமான விரிசல்) விழுந்தவரைக் காப்பாத்தற ரெஸ்க்யூ கோர்ஸ் ஒண்ணு, ரெண்டும் கையால செஞ்சு பாத்துதான் வரும்.

கே: ஸ்கீ டூரிங், ஸ்கீ மவுன்டனியரிங், ரெண்டும் ஒண்ணா?

நடுவுல கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஸ்கீக்கு அடியில ஸ்கின், அதாவது பின்னாடி வழுக்காம பிடிக்கற முடி வெச்ச பட்டை, ஒட்டி சொந்தக் கால்ல ஏறி, மேல போனதும் ஸ்கின்னை உரிச்சு எடுத்துட்டு இறங்கினா அது டூரிங். அதே பயணத்துல ரோப், ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி), கிராம்பான் (ஷூவுக்கு அடியில மாட்டற முள்ளுத்தட்டு) மாதிரி மலையேற்ற சாமான் இல்லாம முடியாதுங்கற நிலைமை வந்தா அது மவுன்டனியரிங். பனியாறு இருக்கற மலைன்னாலே பாதி வழியில ஒண்ணு இன்னொண்ணா மாறிடும். 2026 மிலானோ கோர்டினா ஒலிம்பிக்ஸ்ல சேத்தாங்களே ஸ்கீ மவுன்டனியரிங் ரேஸ், அது இதோட வேகமான தங்கச்சி, இங்க பேசப்போறது அது இல்ல.

கே: பவுடர் பனி (மாவு மாதிரி லேசான புதுப்பனி) குளிர்காலத்துலதானே இருக்கும், எதுக்கு ஏப்ரல் மே வரைக்கும் காத்திருக்கணும்?

பவுடர் வேணும்னா ஜனவரில காட்டுப்பக்கம் போங்க, தப்பே இல்ல. ஆனா உயரமான பனியாறு மலைங்களுக்கு வசந்தம்தான் சீசன், அதுக்குக் காரணம் இருக்கு. குளிர்காலம் முழுக்க விழுந்த பனி கிரெவாஸ் மேல பாலம் மாதிரி மூடி, காத்துல இறுகி, வருஷத்துலயே கனமா இருக்கறது அப்போதான். டிசம்பர்ல அதே இடத்துல மெல்லிசா ஒரு மூடி மட்டும் இருக்கும், கீழ ஓட்டை இருக்கறதே தெரியாது, என்னைக் கேட்டா குளிர்கால ஆரம்பத்துல பனியாறு மேல போறதுதான் இருக்கறதுலயே மோசம். அடுத்தது, பனி அடுக்குங்க. பகல்ல உருகி ராத்திரி உறைஞ்சு, உருகி உறைஞ்சு, நாள் ஆக ஆக மேல இருக்கற பனி ஒரே கட்டியா ஆகிடும், நடுக்குளிர்ல பயமுறுத்தற மறைவான பலவீன அடுக்குங்க பல இடங்கள்ல அடங்கிடும். பகலும் நீளமா கிடைக்கும்.

ஆனா இது எல்லாமே காலையில மட்டும்தான் செல்லுபடி. அதே சரிவு காலை 7 மணிக்கு கான்கிரீட், 10 மணிக்கு சொர்க்கம், 1 மணிக்கு ஆளைக் கொல்லும். குளிர்காலத்துல எந்தச் சரிவுன்னு கேப்போம், வசந்தத்துல எந்தச் சரிவு எத்தனை மணிக்குன்னு கேக்கணும்.

கே: கார்ன் ஸ்நோ, கார்ன் ஸ்நோன்னு எல்லாரும் உருகறாங்களே, அது என்ன?

உருகற அளவுக்கு விஷயம்தான். உருகி உறையற சுழற்சி திரும்பத் திரும்ப நடக்கும்போது பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, முனை எல்லாம் மழுங்கி, உருண்டையான பெரிய மணியா ஆகுது, சோளமணி மாதிரி இருக்கறதாலதான் அந்தப் பேரு. ராத்திரி அந்த மணிங்களுக்கு நடுவுல இருக்கற தண்ணி உறைஞ்சு எல்லாத்தையும் சிமெண்ட் பூசின மாதிரி பிடிச்சுக்கும். காலையில வெயில் பட்டதும் மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பிடி தளரும். மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் மட்டும் தளர்ந்து, அடியில இன்னும் கெட்டியா இருக்கற அந்த அரை மணி, ஒரு மணி நேரம்தான் கார்ன்.

எப்படி இருக்கும்னு சொல்றேன். சரிவோட தலைப்புல நின்னு கையுறையைக் கழட்டிட்டு கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. சீக்கிரம் வந்திருந்தா விரல் வழுக்கும், நகத்தால கீறினா வெள்ளைக் கோடு மட்டும் விழும். சரியான நேரம்னா மேல்தோல் நெகிழ்ந்து ஈர மணல் மாதிரி விரல் நுனி மட்டும் இறங்கி, அடியில கட்டாந்தரை மாதிரி நிக்கும். விரல் முழுசும் உள்ள போச்சுன்னா நேரம் தாண்டிடுச்சு. நான் மேல நின்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இதைச் செஞ்சு பாத்துக்கிட்டே இருப்பேன், கூட வர்றவங்க கடுப்பானாலும் பரவால்ல.

வெயில் சுத்தி வர்றதால கிழக்குப் பாக்கற சரிவு முதல்ல தயாராகும், அப்புறம் தெற்கு, கடைசியா மேற்கு. வடக்குப் பாக்கற உயரமான சரிவுங்க மே மாசம் கூட குளிர்ப் பனியாவே இருக்கலாம், அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்க குளிர்காலக் கண்ணோடதான் பாக்கணும்.

கே: ராத்திரி டெம்பரேச்சர் ஜீரோவுக்குக் கீழ போனாதானே உறையும்?

இதுலதான் நிறைய பேர் ஏமாறறாங்க. காத்தோட டெம்பரேச்சர் வேற, பனி மேற்பரப்போட டெம்பரேச்சர் வேற. வானம் சுத்தமா, காத்து வறண்டு இருந்தா பனி தன் சூட்டை அகச்சிவப்புக் கதிரா நேரா வானத்துக்கு வீசிடும், அதனால காத்து +2, +3 டிகிரி இருந்தாலும் மேற்பரப்பு நல்லா உறையும். மேகம் மூடியிருந்தா அது போர்வை போத்தின மாதிரி, பனி வீசற சூட்டைத் திருப்பி அனுப்பிடும், காத்து ஜீரோகிட்ட இருந்தாலும் பனி இளகியே கிடக்கும். அதனால முன்னறிவிப்புல டெம்பரேச்சரை மட்டும் பாக்காதீங்க, ராத்திரி மேகம் எவ்வளவுன்னு பாருங்க. ராத்திரி மழை பெஞ்சிருந்தா யோசிக்கவே வேண்டாம், திரும்பப் படுத்துக்கலாம்.

அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, மேல ஓடு மாதிரி உறைஞ்சு அடியில கூழா இருக்கறது. ஹட்டை (மலைமேல ராத்திரி தங்கற குடில்) விட்டு வெளிய வந்து முதல் பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஸ்கீ போல் (கையில பிடிக்கற கம்பு) நுனியை ஓங்கிக் குத்துங்க. டங்குனு எகிறினா நல்ல உறைச்சல். ஓடு உடைஞ்சு சரேல்னு உள்ள இறங்கினா அன்னைக்கு நேரம் ரொம்பக் குறைச்சல்னு அர்த்தம், பெரிய சரிவுங்களை அப்பவே பிளான்ல இருந்து எடுத்துடணும்.

கே: அப்போ எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ராத்திரி 2 மணிக்கு எழுந்திருக்கறது எல்லாம் உண்மையா?

உண்மைதான், ஆனா குத்துமதிப்பா 2 மணி 3 மணின்னு வெக்கக் கூடாது, பின்னாடியில இருந்து கணக்குப் போட்டுட்டு வரணும். இறங்க வேண்டிய சரிவு எப்போ தளரும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு பாருங்க. சுவிட்சர்லாந்துக்காரர் வெர்னர் முன்டர் பேர்ல ஒரு எளிய கணக்கு இருக்கு: தூரம் எத்தனை கிலோமீட்டரோ அதோட, ஏற்றம் எத்தனை நூறு மீட்டரோ அதைக் கூட்டி, ஸ்கின் போட்டு ஏறறதுக்கு 4 ஆல வகுத்தா மணிக்கணக்கு வரும். ஸ்கீல இறங்கறதுக்கு 10 ஆல வகுக்கணும்.

உதாரணத்துக்கு 6 கிலோமீட்டர் தூரம், 1,200 மீட்டர் ஏற்றம்னா 6 கூட்டல் 12, மொத்தம் 18, வகுத்தல் 4, நாலரை மணி நேரம். கிழக்குச் சரிவு, 10 மணிக்கு இறங்கியாகணும்னு வெச்சுக்கோங்க. மேல ஸ்கின் கழட்ட, சாப்பிட, மூச்சு வாங்க அரை மணி. ரோப் கட்டறது, கிராம்பான் மாட்டறது, யாருக்காவது ஷூ கடிக்கறது, இதுக்கெல்லாம் ஒரு மணி. ஆக காலை 4 மணிக்கு ஹட் கதவு மூடியிருக்கணும். எழுந்திருக்கறது 3 மணிக்கு. 3,500 மீட்டருக்கு மேல எல்லாரும் மெதுவாவாங்க, அங்க 4க்கு பதிலா 3 ஆல வகுத்தா எனக்குச் சரியா வருது.

கே: லேட் ஆகிட்டா என்ன ஆகிடும்? கொஞ்சம் ஈரமா இருக்கும், அவ்வளவுதானே?

இல்லங்க. ஒரு தடவை உச்சியில காத்து இல்ல, வெயில் இதமா இருந்துச்சு, நாங்க நாலு பேர், போட்டோ எடுத்து பேசிக்கிட்டே நாப்பது நிமிஷம் கூடுதலா உக்காந்துட்டோம். மேல பாதி அருமையா இருந்துச்சு. கீழ 2,600 மீட்டர்கிட்ட கிழக்குப் பாத்த ஒரு குடைவு இருக்கும், அங்க வந்தப்போ ஸ்கீ முழங்கால் வரைக்கும் இறங்குது, ஒவ்வொரு டர்ன்லயும் பனி உருண்டை உருண்டையா எங்களுக்கு முன்னாடியே கீழ ஓடுது. ஒவ்வொருத்தரா தாண்டினோம். மூணாவது ஆள் தாண்டி ரெண்டு நிமிஷம் இருக்கும், மேல பாறை ஓரத்துல இருந்து ஒரு ஈரப்பனிச்சரிவு கிளம்பி, பெருசா சத்தம்கூட இல்லாம, கொழகொழன்னு மெதுவாதான் வந்துச்சு, வந்து எங்க தடத்தை அப்படியே மூடிடுச்சு. நாலாவது ஆள் இன்னும் மேல நின்னுக்கிட்டு இருந்தார். அவர் வேற வழியா பாறை ஓரமா நடந்து இறங்க ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு, அந்த ஒண்ணேகால் மணி நேரமும் நாங்க மூணு பேரும் ஒரு வார்த்தை பேசல.

ஈரப்பனிச்சரிவு மெதுவா வந்தாலும் எடை பயங்கரம், நின்னதும் சிமெண்ட் மாதிரி இறுகிடும். அறிகுறிகள் முன்னாடியே வரும்: பனி தானா உருண்டு உருண்டு கோடு போட்டுக்கிட்டு இறங்கறது, பாறையைச் சுத்தி பனி கரைஞ்சு இடைவெளி விடறது, ஸ்கீயைக் கழட்டிட்டு நின்னா கால் கணுக்காலைத் தாண்டி இறங்கறது. இதுல ஒண்ணு பாத்தாலே அந்தச் சரிவை விட்டு வெளிய வந்துடணும். பெரும்பாலான ஸ்லாப் பனிச்சரிவுங்க, அதாவது பனி ஒரே பலகையா பேந்து வர்றது, 30ல இருந்து 45 டிகிரி சாய்வுக்குள்ளதான் கிளம்புது, அதனால சந்தேகமா இருக்கற நாள்ல 30க்குக் கீழ இருக்கற சரிவுகளோட நிறுத்திக்கறது நல்லது, ஆனா மேல செங்குத்தான சரிவு தொங்குதான்னு அண்ணாந்தும் பாக்கணும். வசந்தத்துல புதுப்பனி விழுந்தா அந்த முதல் வெயில் நாள் தனி ஆபத்து, அதையும் மறந்துடாதீங்க.

கே: பீக்கன், ப்ரோப், ஷவல் மூணும் வேணுமா? நாங்க ஹெலிகாப்டர் வர்ற இடத்துலதான் போறோம்.

மூணும் வேணும், ஆளுக்கு ஒண்ணு: புதைஞ்சவர் எங்கன்னு சிக்னல்ல காட்டற பீக்கன், குத்திப் பாக்கற நீளக் கம்பி ப்ரோப், தோண்ட ஷவல். பனிக்குள்ள புதைஞ்சவரை முதல் பத்து நிமிஷத்துக்குள்ள வெளிய எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்கப்புறம் மூச்சு முட்டியே அந்த வாய்ப்பு மளமளன்னு சரியுது. பத்து நிமிஷத்துல எந்த ஹெலிகாப்டரும் வராது, பக்கத்துல நிக்கற நீங்கதான் ரெஸ்க்யூ. பீக்கன் எல்லாமே உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ்லதான் வேலை செய்யும், எந்த பிராண்டா இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். போனை பீக்கன்ல இருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க, தேடும்போது 50. தோண்டறதுதான் ரொம்ப நேரம் பிடிக்கற வேலை, ப்ரோப் பட்ட இடத்துல அதை அப்படியே விட்டுட்டு, சரிவுல கொஞ்சம் கீழ தள்ளி நின்னு உள்நோக்கித் தோண்டணும், நேர் மேல நின்னு குழி பறிக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஷவல் வேண்டவே வேண்டாம்.

கே: கிரெவாஸ் எங்க இருக்கும்னு எப்படித் தெரியும்? எல்லாம் மூடியிருக்குமே.

மூடியிருந்தாலும் பனியாறு எங்க இழுபடுதுங்கறதை வெச்சு ஊகிக்கலாம். பனிக்கட்டி ஆழத்துல மெதுவா நெளிஞ்சு ஓடுது, ஆனா மேல ஒரு 30, 40 மீட்டர் கனத்துக்கு அது நெளியத் தெரியாம விரிசல் விடும். தரை திடீர்னு சாயற மேடு, வளைவோட வெளிப்பக்கம், ரெண்டு ஓரம், இங்கெல்லாம் இழுவை அதிகம். தலைப்புல ஓடற பனி மலையோட ஒட்டின அசையாத பனியை விட்டுப் பிரியற இடத்துல பெரிய வாய் இருக்கும், அதுக்கு பெர்க்ஷ்ருண்ட்னு பேரு. தட்டையா, சமமா, குழிஞ்ச மாதிரி இருக்கற இடங்கள்ல இறுக்கம், விரிசல் கம்மி.

காலையில வெயில் சாய்வா விழும்போது கவனிச்சுப் பாத்தா மூடின கிரெவாஸ் மேல லேசா தொய்ஞ்ச ஒரு கோடு தெரியும், கயித்துக்கட்டில்ல யாரோ படுத்து எழுந்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம், நிறம்கூட ஒரு சாயல் மங்கலா இருக்கும். மதியம் உச்சி வெயில்ல அது கண்ணுக்கே படாது. போன கோடையில எடுத்த சாட்டிலைட் படத்தைப் பாத்து கிரெவாஸ் கூட்டம் எங்கன்னு மேப்ல முன்னாடியே குறிச்சுக்கறது என் வழக்கம், பனி மூடினாலும் கீழ இருக்கற விரிசல் ஏறக்குறைய அதே இடத்துலதான் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொண்ணு, பனியாறு மேல ஸ்கீயைக் கழட்டாதீங்க. ஸ்கீ உங்க எடையை நீளமா பரப்பி வெச்சிருக்கு, அதைக் கழட்டின நிமிஷம் மொத்த எடையும் ரெண்டு ஷூ அடிக்கு வந்துடும். ஒண்ணுக்குப் போக ரெண்டடி ஒதுங்கினவர், ஜாக்கெட் மாத்த ஸ்கீயைக் கழட்டினவர், இப்படித்தான் நிறைய பேர் விழுந்திருக்காங்க. கழட்டியே ஆகணும்னா ப்ரோப்பால சுத்திக் குத்திப் பாத்துட்டு அந்த வட்டத்துக்குள்ளயே நில்லுங்க.

கே: ரோப் எப்போ கட்டணும்? இறங்கும்போதும் கட்டணுமா?

ஏறும்போது பனியாறு மேல ரோப் கட்டறதுதான் என் கட்சி, வேகம் குறையாது, ஏன் கட்டக் கூடாது. மூணு பேர்னா ஆளுக்கு நடுவுல 10, 12 மீட்டர். ரெண்டே பேர்னா 15ல இருந்து 20 மீட்டர் விட்டு நடுவுல பிரேக் முடிச்சு போடணும், ஒருத்தர் விழுந்தா அந்த முடிச்சு பனி விளிம்புல சிக்கி மத்தவரோட பாரத்தைக் குறைக்கும். ரோப் தொய்வா தரையில கிடந்தா கட்டினதுக்கே அர்த்தம் இல்ல, லேசா பனியைத் தொடற அளவுக்கு இழுவையா இருக்கணும். கிரெவாஸை எப்பவும் குறுக்கா செங்கோணத்துல தாண்டணும், எல்லாரும் ஒரே நேரத்துல அதோட நீளவாக்குல நிக்கற மாதிரி போகவே கூடாது.

இறங்கும்போது வேற. ரோப்போட ஸ்கீ பண்றது கஷ்டம், ஒருத்தர் இழுத்து இன்னொருத்தரை விழ வெக்கறது சாதாரணம். பாலங்க கனமா, உறைஞ்சு, பார்வை தெளிவா இருந்தா பெரும்பாலும் ரோப் இல்லாமதான் இறங்குவோம், ஆனா ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) மாட்டியே இருக்கும், அதுல ஒரு ஸ்லிங்கும் (நாடா வளையம்) காராபினரும் (கொக்கி வளையம்) வெளிய தொங்கும், விழுந்தவரை மேல இருந்து கொக்கி போட்டுப் பிடிக்க அது உதவும். முதல்ல போறவர் தடத்துலயே மத்தவங்க இடைவெளி விட்டு வரணும். ரோப் முதல் ஆளோட பையில இருக்கக் கூடாது, அவர் விழுந்தா ரோப்பும் அவரோட உள்ள போயிடும். பாக்கறதுக்குச் சின்ன விஷயம், ஆனா கிளம்பற அவசரத்துல தப்பு நடக்கறது இங்கதான். மூடுபனி வந்தாலோ பாலம் இளகினாலோ இறங்கும்போதும் கட்டுங்க, மெதுவா போனா போகட்டும்.

கே: யாராவது உள்ள விழுந்துட்டா?

முதல்ல பிடிச்சு நிறுத்தறது, அப்புறம் ஆங்கர், அதாவது ரோப்பைக் கட்ட ஒரு பிடிமானம், போடறது. பனியில சிறந்த ஆங்கர் உங்க கால்லயே இருக்கு, ஸ்கீ. இழுவைக்குக் குறுக்கா முழங்கால் ஆழத்துக்கு மேல ஒரு பள்ளம் வெட்டி, ஸ்கீயை அதுல படுக்க வெச்சு, நடுவுல ஸ்லிங் சுத்தி, ஸ்லிங் வெளிய வர்றதுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மூடி மிதிக்கணும். ஸ்கீ ஓரம் ஸ்லிங்கை அறுக்காம இருக்க கீழ ஏதாவது சுத்துங்க. பாரத்தை ஆங்கருக்கு மாத்திட்டு விளிம்புகிட்ட பத்திரமா போய் உள்ள இருக்கறவரோட பேசுங்க. அவரால ரோப்புல ப்ரூசிக் (பாரம் விழுந்தா இறுகற கயிறு முடிச்சு) போட்டு ஏற முடிஞ்சா அதுதான் சீக்கிரம். முடியலன்னா புல்லி (கப்பி) வெச்சு 3க்கு 1, அதாவது ரோப்பை மூணு மீட்டர் இழுத்தா ஆள் ஒரு மீட்டர் ஏறற மாதிரி, தேவைன்னா 6க்கு 1.

புத்தகத்துல சொல்லாத மாதிரி கஷ்டம் கடைசி ஒரு மீட்டர்ல இருக்கு. ரோப் விளிம்புப் பனியை அறுத்து உள்ள புதைஞ்சிருக்கும், எவ்வளவு இழுத்தாலும் ஆள் விளிம்புக்கு அடியில முட்டிக்கிட்டு நிப்பார். அதனாலதான் முதல்லயே விளிம்பை ஷவலால செதுக்கி ரோப்புக்கு அடியில ஸ்கீ போல் இல்லன்னா பேக் வெக்கணும்னு சொல்றாங்க. வருஷத்துக்கு ஒருதரமாவது ஒரு பனிமேட்டுல, கல்லு நிரப்பின பைக்கு பதிலா நிஜ ஆளையே தொங்க விட்டு, பேக்கப் ரோப்போட பழகுங்க. பையைத் தூக்கறது வேற, 80 கிலோ மனுஷனைத் தூக்கறது வேற.

கே: சாமான் லிஸ்ட் கொடுங்க.

பீக்கன், ப்ரோப், ஷவல் மேலயே சொல்லிட்டேன். டூரிங் ஸ்கீ, ஷூ, பின் பைண்டிங், முன்பக்கம் ரெண்டு பின் ஷூவைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலை விட்டுடுமே அதுதான், ஆஸ்திரியாக்காரர் ஃப்ரிட்ஸ் பார்தல் 1980கள்ல உருவாக்கினது. ஹார்னஸ் லேசானது போதும், ஆனா ஸ்கீயைக் கழட்டாம மாட்ட முடியணும். 30 மீட்டர் ரோப், கூட்டத்துக்கு ஏத்த மாதிரி இன்னொண்ணு. ஐஸ் ஆக்ஸ், கிராம்பான், ஸ்கீ கிராம்பான் (ஸ்கீக்கு அடியில மாட்டற முள்), ஆளுக்கு ஒரு ஐஸ் ஸ்க்ரூ (பனிக்கட்டியில திருகற குழாய் ஆணி), புல்லி, ப்ரூசிக், நீளமான ஸ்லிங் ஒண்ணு, பூட்டற காராபினர் மூணு நாலு. ஹெல்மெட். ஹெட்லேம்ப். ரிப்பேர் பையில ஸ்கீ ஸ்ட்ராப் நாலு, கம்பி, டேப், ஸ்க்ரூ டிரைவர். கிராம்பானை முன்னாடி நாளே ஷூவுல மாட்டி சைஸ் சரி பண்ணிடுங்க, 35 டிகிரி ஐஸ் மேல நின்னுக்கிட்டு பண்ற வேலை இல்ல அது.

கே: ஸ்கீ கிராம்பான் நிஜமாவே வேணுமா?

வேணும். வசந்தக் காலையில குறுக்கா ஏறும்போது உறைஞ்ச பனியில ஸ்கின் பிடிக்காது, ஒரு வழுக்கல்ல சரிவு முழுக்க சறுக்கிட்டுப் போயிடுவீங்க. வழுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மாட்ட முடியாது, முன்னாடியே சமமான இடத்துல மாட்டிக்கணும். செங்குத்து இன்னும் கூடினா ஸ்கீயைப் பைல கட்டிட்டு ஷூ கிராம்பான்ல நடக்கறதுதான் வேகம்.

கே: மதியம் ஸ்கின்னுக்கு அடியில பனி கட்டி கட்டியா ஒட்டுது.

ஈரப்பனியில இருந்து நிழல்ல இருக்கற குளிர்ப்பனிக்குப் போகும்போது இப்படி ஆகும், ஈரமான முடி மேல குளிர்ந்த பனி உறைஞ்சு ஒட்டிக்கும். ஸ்கின் மெழுகை முடி போற திசையில அழுத்தித் தேய்ங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே தேச்சிருந்தா இன்னும் நல்லது. பசைப் பக்கத்துல பனி படாம பாத்துக்கணும், கழட்டினதும் மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சா உடம்பு சூட்டுல உயிரோட இருக்கும். அப்படியும் ஸ்கின் ஸ்கீல ஒட்டலன்னா ஸ்கீ ஸ்ட்ராப்பால கட்டிடுங்க.

கே: உயரம் ஒத்துக்காம போகுமா?

போகும், உடம்பு எவ்வளவு ஃபிட்டா இருந்தாலும் போகும். 3,000 மீட்டருக்கு மேல தூங்கற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 300ல இருந்து 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க. தலைவலி, குமட்டல் இருந்தா மேல போகாதீங்க, நடை தள்ளாடினாலோ சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்கணும், ராத்திரியா இருந்தாலும். இதுல ஸ்கீக்கு ஒரு அனுகூலம் இருக்கு, ஆயிரம் மீட்டர் இறங்க அரை மணி போதும், ஆனா ஸ்கீ பண்ணற நிலைமையில இருக்கும்போதே முடிவு எடுக்கணும்.

கே: வெயிலுக்கு என்ன பண்றது?

பயப்படணும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புற ஊதா கூடும், புதுப்பனி அதுல 80 சதவீதம் வரைக்கும் கீழ இருந்து திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியில, காதுக்குப் பின்னாடி, தாடைக்குக் கீழ எல்லாம் க்ரீம் போடுங்க. பக்கவாட்டு மறைப்போட கேட்டகரி 4 (ரொம்ப இருட்டான) கண்ணாடி, கூட ஒரு ஸ்பேர். கண் எரிச்சல் சாயங்காலம்தான் தெரியும், அதுக்குள்ள கருவிழி வெந்திருக்கும்.

கே: மூடுபனி இறங்கிட்டா ஜிபிஎஸ் இருக்கே, போதாதா?

ஜிபிஎஸ் வழி காட்டும், குளிரைத் தடுக்காது. 2018 ஏப்ரல் கடைசியில, ஷமோனில இருந்து ஸெர்மாட் போற ஓட் ரூட்ல, பீன்ய தரோலா மலைகிட்ட புயல்ல மாட்டின 14 பேர் ராத்திரி முழுக்க வெளியிலேயே தங்க வேண்டியதாகிடுச்சு, அவங்கள்ல 7 பேர் இறந்துபோனாங்க. வின்யெட் ஹட் அவங்க நின்ன இடத்துல இருந்து கிலோமீட்டர்கூட இல்ல. அதைப் படிச்சதுல இருந்து நான் புயல் முன்னறிவிப்பு இருக்கற நாள்ல ஹட்டை விட்டு வெளியவே போறதில்ல, அடுத்த ஹட்ல புக்கிங் போனாலும் சரி.

வெள்ளையா மூடிட்டா தரை எது வானம் எதுன்னு தெரியாது, நின்னுக்கிட்டு இருக்கும்போதே நகர்ற மாதிரி தலை சுத்தும். முன்னால சின்னப் பனி உருண்டை வீசிப் பாத்தா சரிவு தெரியும், அதை வெச்சு அடி அடியா போகலாம். வழியை போன்லயும் தனி ஜிபிஎஸ்லயும் ஏத்தி வைங்க, போனை உடம்போட ஒட்டி வைங்க, குளிர்ல 40 சதவீத பேட்டரி கண்ணெதிர்ல அணைஞ்சு போகும். பேப்பர் மேப், காம்பஸும் வேணும்.

கே: முதல் பனியாறு மலைக்கு எங்க போகலாம்?

கைடோட போறதா இருந்தா இத்தாலியில கிரான் பாரடீஸோ, 4,061 மீட்டர், ஏற்றம் நீளம், ஆனா வழி நேர்த்தியானது, கடைசி பாறைப் பகுதிதான் கொஞ்சம் நெருடும். சுவிட்சர்லாந்து இத்தாலி எல்லையில பிரைட்ஹார்ன், 4,164 மீட்டர், லிஃப்ட்லயே 3,883 வரைக்கும் போயிடலாங்கறதால நிறைய பேருக்கு முதல் நாலாயிரம் அதுதான், ஆனா லிஃப்ட்ல போனதாலயே உடம்பு பழகாம தலைவலியோட நிக்கறவங்களையும் அங்க பாக்கலாம். அமெரிக்காவுல கேஸ்கேட் எரிமலைங்க வசந்தகால ஸ்கீக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், அதுல மவுண்ட் ரெய்னியர், 4,392 மீட்டர், முதல் மலை இல்ல, அங்க 10,000 அடிக்கு மேலயோ பனியாறு மேலயோ போகணும்னா பர்மிட் வாங்கணும். ஓட் ரூட் இரண்டாவது மூணாவது வருஷத்துக்கு வெச்சுக்கோங்க, 1911ல முதல்முறையா ஸ்கீல கடந்த வழி அது, எங்கயும் ஓடிப் போகாது.

ஓடிப் போறது பனிதான். சுவிட்சர்லாந்து பனியாறுங்க 2022, 2023 ரெண்டே வருஷத்துல 10 சதவீத கன அளவை இழந்திருக்கு. பழைய கைட்புக்ல நேரா ஏறலாம்னு போட்டிருக்கற இடத்துல இப்போ வழவழ பாறையும் ஏணியும் இருக்கலாம், பெர்க்ஷ்ருண்ட் அகலமா வாய் பிளந்து நிக்கலாம். அதனால பழைய புத்தகத்தோட அந்த வாரம் போய்ட்டு வந்தவங்க பேச்சையும் கேளுங்க, ஹட்ல இருக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும்.

கே: செராக் பக்கத்துல போறப்போ காலையில போனா பத்திரமா?

இல்ல. தொங்கற பனிக்கட்டிச் சுவர் வெயிலைப் பாத்து விழறதில்ல, பனியாறு தள்ளத் தள்ள எந்த நேரத்துலயும் உடையும், நடுராத்திரியிலயும். அங்க செய்யக்கூடியது ஒண்ணுதான், அதுக்குக் கீழ இருக்கற நேரத்தைக் குறைக்கறது. நின்னு தண்ணி குடிக்காதீங்க.

கே: எவ்வளவு ஸ்கீ தெரிஞ்சிருக்கணும்? தனியா போகலாமா?

எந்தப் பனியா இருந்தாலும், முதுகுல 10, 12 கிலோ பையோட, களைச்சுப்போன தொடையோட, விழாம இறங்கத் தெரியணும். அழகா இறங்கணும்னு இல்ல. ஏற்றத்துல கிக் டர்ன் (நின்ன இடத்துலயே ஸ்கீயைத் தூக்கித் திசை திருப்பறது) தூக்கத்துல கேட்டாலும் வரணும். தனியா பனியாறு மேல போகாதீங்க, விழுந்தா பிடிக்க ஆள் இல்லங்கறது மட்டும்தான் காரணம், வேற விளக்கம் தேவையில்ல.

கே: உச்சிக்கு நூறு மீட்டர் கீழ இருக்கோம், மணி பத்தாகிடுச்சு, என்ன பண்ணுவீங்க?

திரும்பிடுவேன். திரும்பற நேரத்தை ராத்திரி ஹட்ல, காலெல்லாம் சூடா இருக்கும்போது, நாலு பேரும் சேர்ந்து முடிவு பண்ணி மேப் ஓரத்துல எழுதி வெப்போம், மேல போய் விவாதம் கிடையாது, யார் ஒருத்தர் மேப்பை எடுத்துக் காட்டினாலும் மத்தவங்க ஸ்கின்னை உரிக்க ஆரம்பிச்சுடணும். போன வசந்தத்துல மேப்பை எடுத்தது எங்க கூட்டத்துலயே புதுசா வந்த ஆள், உச்சிச் சிலுவை கண்ணுக்குத் தெரியுது, யாரும் ஒண்ணும் சொல்லல, நின்ன இடத்துலயே ஸ்கின் உரிக்கற சத்தம் மட்டும் நாலு தடவை கேட்டுச்சு, கீழ போற வழியெல்லாம் கார்ன்.